எம்.எஸ்சி. நர்ஸிங் போஸ்டிங்கில் லாக் புக்கைத் தாண்டி என்ன கற்பது?

கேள்வி இது: வட சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.எஸ்சி. நர்ஸிங் முதலாண்டு, மகப்பேறு சிறப்புப் பாடம். படிப்புக்கு முன் இரண்டு ஆண்டு ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவர். அடுத்த மாதம் அரசு மருத்துவமனையில் போஸ்டிங் தொடங்குகிறது. ‘ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி நல்லதா, எழும்பூர் தாய் சேய் ஆஸ்பத்திரி நல்லதா, லாக் புக்கை எத்தனை நாளில் முடிக்கலாம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், ‘பி.எஸ்சி.யில் பார்த்த அதே பிபி, அதே டெலிவரிதானே, இதில் புதிதாக என்ன?’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்ளேயே வந்துவிடும்.

முதலில் கணக்கு. இந்திய நர்ஸிங் கவுன்சில் பாடத்திட்டப்படி சிறப்புப் பாடத்தின் செய்முறைக்கு முதலாண்டில் 650 மணி நேரம், இரண்டாம் ஆண்டில் 950 மணி நேரம். வாரத்துக்கு 30 மணி நேரம் என்று வைத்தால் முதலாண்டில் ஏறக்குறைய 22 வாரம், இரண்டாம் ஆண்டில் 32 வாரம். அத்தனையும் லேபர் வார்டு இல்லை. கர்ப்பிணிகள் ஓ.பி., போஸ்ட்நேட்டல், கைனக், தியேட்டர், குடும்ப நலம், பச்சிளங்குழந்தைப் பிரிவு, ஆரம்ப சுகாதார நிலையம் என்று பிரியும். லாக் புக் கேட்பதோ 20 சுகப்பிரசவம், 20 பார்ட்டோகிராஃப் (பிரசவத்தின் போக்கை நேரத்தோடு பதியும் வரைபடத் தாள்), 20 உள்பரிசோதனை, 10 எபிசியாட்டமி (பிரசவ வழியில் போடும் வெட்டு) தையல், கர்ப்பகாலப் பரிசோதனையும் பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனையும் இருபது இருபது. நெரிசலான வார்டில் இந்த எண்ணிக்கை சில வாரங்களிலேயே முடிந்துவிடும். மிச்ச வாரங்களை என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பெண் வலியோடு உள்ளே வந்ததிலிருந்து குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுத் தூங்கும் வரை கூடவே இருந்து, அவளுக்கு எடுக்கப்பட்ட ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் சொல்ல உங்களால் முடிய வேண்டும். பி.எஸ்சி.யில் கை பழகியது. இப்போது கணிப்பு பழக வேண்டும்.

எந்த மருத்துவமனை என்ற கேள்விக்கு வருகிறேன். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். 1880-இல் ராஜா சர் ராமசாமி முதலியார் கொடையில் தொடங்கியது. இன்று ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. எழும்பூர் தாய் சேய் மருத்துவமனை அதற்கும் முந்தையது, 1844. இரண்டிலும் சிக்கலான கேஸுக்குக் குறைவிருக்காது. ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற இடத்தில் காசிமேட்டுக்காரரும் வருவார், பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், மணலி பக்கத்திலிருந்து ரெஃபர் ஆகி வருபவரும் வருவார். ரெஃபரல் சீட்டோடு வரும் கேஸைப் பார்த்துப் பழகுவது தனிப் படிப்பு. வரும் வழியில் எவ்வளவு நேரம் போனது, முன்பே என்ன மருந்து கொடுக்கப்பட்டது, எந்த ரிப்போர்ட் கையில் இருக்கிறது, எது இல்லை என்று ஐந்து நிமிடத்தில் திரட்டிச் சொல்லத் தெரிந்த நர்ஸ், டாக்டர் வருவதற்குள் பாதி வேலையை முடித்துவிடுகிறார்.

ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும் 22 வாரமும் இருந்தால் சிக்கல்தான் இயல்பு என்று மனம் பழகிவிடும். அதனால் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரும் வாரங்களை ‘ரெஸ்ட்’ வாரமாக நினைக்காதீர்கள். கொடுங்கையூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை என்று எந்த நிலையத்துக்குப் போனாலும், ஒரே பெண்ணை நான்காம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் பார்க்கக்கூடிய இடம் அதுதான். பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிட்டாரா, தாய் சேய் நல அட்டையில் எடையும் ஹீமோகுளோபினும் தேதியோடு இருக்கிறதா, 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரை 140-ஐத் தொட்டதா, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கான பதிவு நடந்திருக்கிறதா என்பதையெல்லாம் அங்கேதான் பிடிக்க முடியும். அந்தக் குளுக்கோஸ் சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. அது தெரியாமல் சாப்பிட்டு வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பினால், கூலி வேலைக்குப் போகும் அந்தப் பெண் அடுத்த முறை வர ஒரு மாதம் ஆகும்.

அனுமதி விஷயத்தில் குழப்பம் வேண்டாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு உங்கள் கல்லூரி மருத்துவக் கல்வி இயக்ககம் வழியாகவும், மாநகராட்சி நிலையங்களுக்கு மாநகராட்சி நலத்துறை வழியாகவும் எழுதி வாங்கும். நீங்கள் தனியாகப் போய்க் கேட்டு வாங்குவது இல்லை. முதல் நாள் கல்லூரிக் கடிதத்தின் நகல், தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில் பதிவுச் சான்றின் நகல், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிச் சான்று மூன்றையும் ஒரு கோப்பில் கையோடு வைத்திருங்கள். இங்கே பலர் சறுக்குவது வேறொன்றில். நீங்கள் பதிவு பெற்ற நர்ஸ், அது உண்மை. ஆனால் அந்த ஆஸ்பத்திரியின் ஊழியர் இல்லை. எந்த மருந்தைக் கொடுக்கலாம், எந்தப் பிரசவத்தில் கை வைக்கலாம் என்பதை அந்த ஷிஃப்ட்டில் பொறுப்பிலிருக்கும் சிஸ்டர்தான் முடிவு செய்வார். முந்தைய வேலையில் நீங்களே தனியாகச் செய்ததை இங்கே கேட்டுத்தான் செய்ய வேண்டும். இதை மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்பவருக்கு முதல் வாரத்திலேயே வார்டின் கதவு அடைபட்டுவிடும்.

உங்கள் உடம்பைப் பற்றி. ஹெபடைட்டிஸ் பி ஊசி 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை. ஊசி போட்டாயிற்று என்பதோடு விடாமல், கடைசித் தவணைக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு பாருங்கள். மில்லி லிட்டருக்கு 10 மில்லி யூனிட்டோ (mIU/ml) அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று அர்த்தம். லேபர் வார்டில் ஊசி குத்துவதைவிட முகத்தில் தெறிப்பதைத்தான் அசட்டை செய்கிறார்கள். பனிக்குடம் உடையும்போது எதிரே குனிந்திருப்பவரின் கண்ணில் அது நேராக அடிக்கும். கண்ணாடி இல்லாமல் டெலிவரிக்கு நிற்காதீர்கள். குத்திவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். அழுத்திப் பிழியக் கூடாது, ஸ்பிரிட், டெட்டால் ஊற்றக் கூடாது. கண்ணில் பட்டால் தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும். உடனே வார்டு சிஸ்டரிடமும் உங்கள் டியூட்டரிடமும் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவை என்று டாக்டர் முடிவெடுத்தால் முதல் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலனில்லை. 28 நாள் முழுதாகச் சாப்பிட வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 1,000-க்கு 3 அளவில்தான். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி வரும் வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு. பயப்பட வேண்டியது எதற்கு என்று இதிலிருந்து தெரியும். ‘ஸ்டூடண்ட்தானே, எதற்குப் பிரச்சினை’ என்று மறைப்பவர்கள்தான் அந்த 72 மணி நேரத்தை இழக்கிறார்கள்.

முதல் மூன்று நாள் எதையும் செய்யாமல் வார்டைப் படியுங்கள். எமர்ஜென்சி டிரே எங்கே, வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் எந்த அலமாரியில், அதன் பக்கத்திலேயே அதை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் இருக்கிறதா, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா, பிளட் பேங்க்குக்கு யார் ஓடுவார், குழந்தை அழாவிட்டால் மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக் எந்தப் பக்கம், உறிஞ்சும் மெஷின் வேலை செய்கிறதா. இதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சென்னை வெயிலில் ஆக்ஸிடோசின் ஆம்பூல் காலையிலிருந்து டிரேயில் கிடந்தால் வீரியம் குறையும். பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பை சுருங்கவில்லை என்று கை பிசையும்போது இந்தச் சின்னக் காரணம் யாருக்கும் நினைவுக்கு வராது. ஹேண்ட் ஓவர் நேரத்துக்குக் கால் மணி முன்னாலேயே போய் நில்லுங்கள். இரவு ஷிஃப்ட் சிஸ்டர் வாயால் சொல்வதற்கும் கேஸ் ஷீட்டில் இருப்பதற்கும் உள்ள இடைவெளியைக் கவனிப்பதே பெரிய பாடம்.

இனி பார்ட்டோகிராஃப். இதற்கு நிறைய இடம் கொடுக்கிறேன். எம்.எஸ்சி. மாணவியின் தரம் இதில் தெரிந்துவிடும். எந்த ஊர் லேபர் வார்டிலும் நடக்கும் தவறு ஒன்றுதான்: குழந்தை பிறந்த பிறகு உட்கார்ந்து பின்னோக்கி நிரப்புவது. அப்படி நிரப்பிய தாளில் கோடு அழகாக இருக்கும், சிசுவின் இதயத் துடிப்பு எல்லாக் கட்டத்திலும் 140 என்றே இருக்கும், பயன் எதுவும் இருக்காது. பழைய எளிய படிவத்தில் கர்ப்பப்பை வாய் 4 செ.மீ. திறந்த பிறகுதான் பதிவு தொடங்கும். மணிக்கு 1 செ.மீ. என்ற எச்சரிக்கைக் கோடு, அதற்கு வலப்பக்கம் 4 மணி நேரம் தள்ளிச் செயல் கோடு. சிசுவின் இதயத் துடிப்பு அரை மணிக்கு ஒரு முறை, வலி தணிந்த உடனே, முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் வலிக்குப் பின் வரும் சரிவு உங்கள் காதில் விழாமலே போய்விடும். 120-க்குக் கீழே இறங்கினாலோ 160-க்கு மேலே போனாலோ அடுத்த அரை மணிக்குக் காத்திருக்கக் கூடாது. தாயை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆக்ஸிடோசின் டிரிப் ஓடுகிறதா என்று பார்த்து, உடனே சிஸ்டரையும் டாக்டரையும் கூப்பிட வேண்டும். வலி 10 நிமிடத்தில் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி என்பதும் அரை மணிக்கு ஒரு முறை. இதை வயிற்றில் கை வைத்துத்தான் எண்ண முடியும். தாயின் நாடித்துடிப்பு அரை மணிக்கு ஒரு முறை, ரத்த அழுத்தமும் காய்ச்சலும் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த லேபர் கேர் கைடு வேறு மாதிரி. அது 5 செ.மீ.யில் தொடங்கும், மணிக்கு 1 செ.மீ. என்ற ஒரே கோடு அதில் கிடையாது, குழந்தை வெளியே வரும் கட்டத்தையும் சேர்த்துப் பதியும், தாய்க்குத் துணை யார் இருக்கிறார், தண்ணீர் குடித்தாரா என்றும் கேட்கும். உங்கள் பாடப் புத்தகத்தில் ஒன்று இருக்கலாம், வார்டில் மற்றொன்று இருக்கலாம். எந்த ஆஸ்பத்திரியில் எது என்பது இடத்துக்கு இடம் மாறும், ஆகவே முதல் நாளே கேட்டுவிடுங்கள். இரண்டையும் கலந்து ஒரு தாளில் போடுவது மட்டும் கூடாது. ஐந்து பெண்களுக்கு அரைகுறையாக நிரப்புவதைவிட, ஒரு நாளைக்கு ஒரே பெண்ணை எடுத்துக்கொண்டு நேரத்தோடு நிரப்புங்கள். 20 நாளில் 20 தாள் சேரும். வைவாவில் எந்தத் தாளை எடுத்து எந்தக் கட்டத்தைக் காட்டிக் கேட்டாலும் பதில் இருக்கும்.

உள்பரிசோதனை பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். லாக் புக்கில் 20 வேண்டும். வார்டில் பிஜி டாக்டர் இருக்கிறார், ஹவுஸ் சர்ஜன் இருக்கிறார், பி.எஸ்சி. மாணவிகள் இருக்கிறார்கள், நீங்களும் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் எண்ணிக்கை வேண்டும். வலியில் இருக்கும் ஒரே பெண்ணுக்கு நான்கு பேர் பார்த்தால் அது கொடுமை, பனிக்குடம் உடைந்திருந்தால் தொற்றும் உண்டு. சரியாகப் போகும் பிரசவத்தில் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை போதும். அந்த ஒரு முறையை டாக்டரோடு சேர்ந்து செய்யக் கேளுங்கள்: அவர் பார்த்ததும் நீங்கள் பார்த்து, நீங்கள் உணர்ந்த செ.மீ.யை முதலில் சொல்லி, பிறகு அவர் சொல்வதோடு ஒப்பிடுங்கள். ஆனால் அந்தப் பெண்ணிடம், ‘நானும் பார்க்கலாமா, வேண்டாம்னா விட்டுடறேன்’ என்று கேட்டு, அவர் சரி என்றால் மட்டும். வேண்டாம் என்றால் அதோடு சரி. ஒரு பரிசோதனை குறைந்ததால் யாருக்கும் பட்டம் நின்றதில்லை. திரை இழுப்பது, துணியால் மூடுவது, ‘இப்போ கை வைக்கப் போறேன்’ என்று சொல்லிவிட்டு வைப்பது, இதற்கெல்லாம் யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பேச்சும் அப்படித்தான். ‘உப்பு நீர் இருக்குன்னு சொன்னாங்க’ என்று ஒரு பெண் சொன்னால் அது கால் வீக்கமாக இருக்கலாம், சிறுநீரில் புரதமாக இருக்கலாம், ரத்த அழுத்தமாகவும் இருக்கலாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் தலைவலி விடாமல் இருக்கிறதா, கண் மங்கலாகத் தெரிகிறதா, நெஞ்சுக்குழியில் வலிக்கிறதா என்று மூன்றையும் கேட்டுவிட வேண்டும். மாமியார் ‘ஜன்னி வந்திடுச்சு’ என்றால் வலிப்பு வந்துவிட்டது என்று பொருள். எத்தனை முறை, கடைசியாக எப்போது என்பது அடுத்த கேள்வி. வட சென்னை வார்டில் தெலுங்கும் இந்தியும் உருதுவும் கட்டாயம் காதில் விழும். வலி எப்போது தொடங்கியது, தண்ணீர் உடைந்ததா, குழந்தை அசைகிறதா, எத்தனாவது பிரசவம், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள். இந்த ஐந்தையும் மூன்று மொழியிலும் எழுதி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை அது. எண்ணூர் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து வரும் வெளிமாநிலப் பெண்ணுக்கு உங்கள் ஐந்து வாக்கியமும் பெரிய துணை.

மருந்தில் உங்கள் தரம் காட்டும் இடம் மெக்னீசியம் சல்பேட். பரவலாக உள்ள பிரிட்சர்ட் முறையில் முதல் டோஸ் மொத்தம் 14 கிராம்: 4 கிராம் நரம்பில், 5 கிராம் ஒவ்வொரு பிட்டத்திலும். 50 சதவீத ஆம்பூல் 2 மி.லி. என்றால் அதில் 1 கிராம். நரம்பில் போடும் 4 கிராமுக்கு 4 ஆம்பூல், அதாவது 8 மி.லி., அதோடு 12 மி.லி. சலைன் சேர்த்து 20 மி.லி.யாக்கி, 5 நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக. பிட்டத்தில் ஒரு பக்கத்துக்கு 5 ஆம்பூல், 10 மி.லி., அதோடு 2 சதவீத லிக்னோகெயின் 1 மி.லி. ஆழமாகத் தசையில். பிறகு 4 மணி நேரத்துக்கு ஒரு முறை 5 கிராம், பக்கம் மாற்றி மாற்றி, பிரசவமோ கடைசி வலிப்போ எது பிந்தியதோ அதிலிருந்து 24 மணி நேரம் வரை. சில யூனிட்களில் தசையில் போடாமல் பம்ப் வைத்து மணிக்கு 1 கிராம் ஓட்டுவார்கள். எது என்பது அந்த யூனிட்டின் முடிவு, அதை நீங்கள் மாற்ற முடியாது.

தவறு மூன்று இடத்தில் நடக்கிறது. ஒன்று, ஆம்பூலில் எத்தனை சதவீதம் என்று படிக்காமல் எண்ணிக்கையை மட்டும் நினைவில் வைத்து உடைப்பது. இரண்டு, ரெஃபரல் சீட்டைப் பார்க்காதது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வலிப்பு வந்த பெண்ணுக்குப் பிட்டத்தில் 5 கிராம் வீதம் 10 கிராம் போட்டுவிட்டு அனுப்புவது வழக்கம். அதைக் கவனிக்காமல் மறுபடி 14 கிராம் ஏற்றினால் மூச்சு நிற்கும் ஆபத்து. சீட்டில் எழுதவில்லை என்றால் 108 ஆம்புலன்ஸ் ஊழியரையும் கூட வந்தவரையும் கேளுங்கள், பிட்டத்தில் ஊசி போட்ட இடம் தெரிகிறதா என்றும் பாருங்கள், டாக்டரிடம் சொன்ன பிறகே மருந்தைத் தொடுங்கள். மூன்று, அடுத்த டோஸுக்கு முன் சோதிக்காதது. முழங்கால் அனிச்சை இருக்க வேண்டும், மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையக் கூடாது, கடந்த 4 மணி நேரத்தில் சிறுநீர் மணிக்கு 30 மி.லி. வீதமாவது வந்திருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் ஊசியை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். அதை முறிக்கும் மருந்து 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி., நரம்பில் மெதுவாக. முதல் மூன்று நாளிலேயே அந்த அலமாரியைப் பார்த்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு 10 யூனிட் ஆக்ஸிடோசின் தசையில். 5 யூனிட் ஆம்பூலாக இருந்தால் இரண்டு. குழந்தை நன்றாக அழுதால் தொப்புள்கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடம் கழித்து வெட்டுவது நல்லது. ரத்தப்போக்கைக் கண்ணால் மதிப்பிடும்போது அனுபவசாலிகளும் குறைத்தே சொல்வார்கள். அளவு குறித்த பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் குழந்தை வெளியே வந்த உடனே கீழே வைக்க வேண்டும், பனிக்குட நீர் சேர்ந்துவிட்டால் கணக்கு கெடும். விரிப்பு இல்லாவிட்டால் பேடை எடை போடுங்கள். நனைந்த எடையிலிருந்து உலர்ந்த எடையைக் கழித்தால் வரும் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 1 மி.லி. 500 மி.லி. எட்டட்டும் என்று காத்திருக்காமல், நாடித்துடிப்பு ஏறி அழுத்தம் இறங்கத் தொடங்கியதுமே குரல் கொடுக்க வேண்டும். முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை நாடி, அழுத்தம், கர்ப்பப்பையின் இறுக்கம், ரத்தப்போக்கு நான்கையும் பார்க்க வேண்டும். நெரிசலான வார்டில் முதலில் விட்டுப்போவது இதுதான், எம்.எஸ்சி. மாணவி மனம் வைத்தால் மிக எளிதாகத் தாங்கிப் பிடிக்கக்கூடியதும் இதுதான்.

‘எங்களை பிபி மெஷின் மாதிரி நடத்துவார்கள்’ என்றும் எழுதியிருந்தீர்கள். ஆள் குறைந்த வார்டில் அது நடக்கும், சிஸ்டர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. காலையில் ஒரு மணி நேரம் எல்லோருக்கும் பிபி பார்த்துக் கொடுத்துவிட்டு, ‘சிஸ்டர், இன்னைக்கு அந்த மூணாம் பெட் அம்மாவ டெலிவரி ஆகிற வரைக்கும் நான் பார்த்துக்கட்டுமா, எது செய்தாலும் உங்ககிட்ட கேட்டுட்டுதான் செய்வேன்’ என்று கேளுங்கள். ஒரே ஒரு ஆளைக் கேட்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கையெழுத்தை அன்றன்றே வாங்குங்கள். மாதக் கடைசியில் இருபது பக்கத்தை நீட்டினால் அவருக்கும் நினைவிருக்காது, செய்யாததும் செய்ததாகக் கலந்துவிடும். செய்யாததை எழுத வேண்டாம். குறைந்தால் குறையட்டும், கல்லூரியிடம் கூடுதல் போஸ்டிங் கேட்பது நேர்மையான வழி. உங்கள் முன்னால் யாராவது வலியில் கத்தும் பெண்ணைத் திட்டினால், எதிர்த்து வாதாடாமல் அந்தப் பெண்ணின் தலைமாட்டுக்குப் போய்க் கையைப் பிடித்து மூச்சு எப்படி விடுவது என்று சொல்லுங்கள். திட்டு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். அடித்தாலோ தையலை மரத்துப்போகும் ஊசி இல்லாமல் போட்டாலோ அது வேறு, அன்றே டியூட்டரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

ஆய்வேட்டையும் இப்போதே யோசித்து வைக்கலாம். போஸ்டிங் அனுமதி வேறு, ஆய்வுக்கான அனுமதி வேறு. நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் ஒரு பெண்ணிடம் கூடத் தரவு எடுக்கக் கூடாது. அந்தக் குழு எப்போது கூடும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், இரண்டாம் ஆண்டு தொடங்கும் முன்பே தேதியைக் கேட்டு வையுங்கள். ஏதாவது ஒன்றைச் செய்துபார்த்துப் பலனை அளக்கும் ஆய்வாக இருந்தால், முதல் பங்கேற்பாளரைச் சேர்க்கும் முன் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் (சி.டி.ஆர்.ஐ.) பதிய வேண்டுமா என்று உங்கள் கைடோடு பேசி முடிவு செய்யுங்கள். பதிய வேண்டியது என்றால் பின்னால் பதிவது செல்லாது. ஒப்புதல் படிவத்தின் தமிழை காசிமேட்டுப் பெண் ஒருவரிடம் வாசித்துக் காட்டி, அவர் புரிந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ‘பங்கேற்பாளரின் தன்னார்வ ஒப்புதல்’ என்று ஆரம்பிக்கும் படிவம் அந்தச் சோதனையில் தேறாது. தலைப்புக்கும் வெளியே தேட வேண்டாம். முதலாண்டிலேயே, ஆய்வுத் தரவாக இல்லாமல் தலைப்புக்காக மட்டும், சிஸ்டரின் அனுமதியோடு, பெயர் எதையும் குறிக்காமல், பத்து இருபது கேஸ் ஷீட்டில் பிரசவத்துக்குப் பிந்தைய அந்த 15 நிமிடப் பதிவு எத்தனை இடத்தில் முழுமையாக இருக்கிறது, எந்த ஷிஃப்ட்டில் விடுபடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தாளைக் குறை கண்டுபிடித்த தோரணையில் இல்லாமல், ‘இந்த நேரத்தில் ஆள் பற்றவில்லை போலிருக்கிறது’ என்று வார்டு சிஸ்டரிடம் முதலில் காட்டுங்கள், பிறகு கைடிடம் எடுத்துப் போங்கள்.